கரண்ட் அக்கவுண்ட்டில் கை வைத்தால் ஷாக்

வங்கியியல் பாடப் புத்தகத்தில் 'நடப்புக் கணக்கு' என்று அழகாகப் போட்டிருப்பார்கள். காந்திபுரத்திலோ திருப்பூர் காதர்பேட்டையிலோ போய் அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், "எந்தக் கணக்குங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே அதற்குப் பேர் கரண்ட் அக்கவுண்ட். பேருக்கு ஏற்ற மாதிரி அதற்கும் ஒரு பில் வருகிறது. நம்ம ஊரில் வீட்டுக் கரண்ட் பில்லாவது ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. இது மாசாமாசம் :-)

ஸ்டேட்மெண்ட்டை எடுத்துப் பார்த்தால் ஒரே பேரில் பிடிக்க மாட்டார்கள். மினிமம் பேலன்ஸ் குறைந்ததற்கு ஒன்று, ரொக்கம் கட்டினதற்கு ஒன்று, செக் புக்குக்கு ஒன்று, எஸ்எம்எஸ்ஸுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே 18% ஜிஎஸ்டி. சில பேங்கில் இதையெல்லாம் கட்டு கட்டி 'இந்தத் திட்டத்துக்கு மாதம் இவ்வளவு' என்றே வைத்துவிட்டார்கள். தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கும் நூல் மில் வைத்திருப்பவருக்கும் ஒரே வகைக் கணக்கு. இந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது, சேமிப்புக் கணக்குக்காரர் கத்தினால் கேட்கிற காது கரண்ட் கணக்குக்காரர் கத்தினால் ஏன் கேட்பதில்லை என்பதைத்தான் இங்கே கொஞ்சம் தோண்டப் போகிறேன்.

முதலில் ரிவர்ஸ் கியர் போட்டு கரூருக்குப் போவோம். 1916ல் எம்.ஏ.வெங்கடராம செட்டியாரும் ஆதி கிருஷ்ண செட்டியாரும் ஒரு லட்ச ரூபாய் முதலில் கரூர் வைஸ்யா பேங்கை ஆரம்பித்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1926ல், அதே கரூரில் வி.எஸ்.என்.ராமலிங்க செட்டியார் தலைமையில் ஏழு வியாபாரிகள் சேர்ந்து லட்சுமி விலாஸ் பேங்கை ஆரம்பித்தார்கள். ஒரு சின்ன ஊரில் பத்து வருஷ இடைவெளியில் ரெண்டு பேங்க். ரெண்டையும் ஆரம்பித்தவர்கள் கடைக்காரர்கள், வியாபாரிகள். சுற்று வட்டாரத்து வியாபாரத்துக்கும் விவசாயத்துக்கும் பணம் புரட்டத்தான் ஆரம்பித்தார்கள். அதாவது கொங்கு நாட்டில் பேங்க் என்பது மேலேயிருந்து இறங்கி வந்த சாமி இல்லை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களே தங்களுக்காகக் கட்டிக்கொண்டது.

கோயமுத்தூரைச் சுற்றியும் இப்படிச் சின்னச் சின்ன பேங்குகள் இருந்தன. அவை எல்லாம் எங்கே போயின? 1938ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் விழுந்தது. 1960 ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் பேங்க் விழுந்தது. ரெண்டுமே பக்கத்து மலையாளச் சீமை பேங்குகள். ரெண்டாவது விழுந்ததும் ரிசர்வ் வங்கி விழித்துக்கொண்டு, தள்ளாடுகிற சின்ன பேங்குகளைப் பெரியவற்றோடு சேர்த்துவிட ஆரம்பித்தது. 1962 ஜனவரியில் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் வந்தது (அப்போது ஆளுக்கு 1,500 ரூபாய்தான், 2020ல் 5 லட்சம் ஆனது). கோயம்புத்தூர் பாக்யலட்சுமி பேங்க் என்று ஒன்று இருந்தது, அது 1960களில் கரூர் வைஸ்யாவுக்குள் போனது. லட்சுமி விலாஸும் அந்தக் காலத்தில் பல சின்ன பேங்குகளை உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியில் அதன் கதையே என்ன ஆனது என்பது தெரியும்தானே? 2020 நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. பத்தே நாளில், 27ஆம் தேதி, சிங்கப்பூர் டிபிஎஸ்ஸோடு இணைத்தாயிற்று. பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பூஜ்யம்.

டெபாசிட்தாரர் பணம் தப்பியது என்ற அளவில் இந்த இணைப்புகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று மாறிப்போனது. கட்டணப் பட்டியல் எழுதுகிற மேஜை, கடைத்தெருவிலிருந்து ரொம்ப தூரம் போய்விட்டது.

கட்டணம் புதுசா என்றால், இல்லவே இல்லை. பழைய காலத்தில் 'லெட்ஜர் ஃபோலியோ சார்ஜ்' என்று ஒன்று இருந்தது. அப்போது கணக்கு எல்லாம் தடித்தடியான பேரேடு. கரண்ட் கணக்கில் தினமும் வரவு செலவு நடக்கும், குமாஸ்தா உட்கார்ந்து கையால் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் 40 வரி. அந்தப் பக்கம் தீர்ந்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள். கணக்கில் நல்ல இருப்பு வைத்திருந்தால் சில பக்கம் இலவசம். யோசித்துப் பார்த்தால் நியாயமான கட்டணம்தான். எழுதினதற்குக் கூலி, நிறைய எழுத வைத்தால் நிறையக் கூலி.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. பேரேடு பழைய பேப்பர் கடைக்குப் போனது, குமாஸ்தா ரிட்டையர் ஆனார். ஃபோலியோ சார்ஜ் மட்டும் போகவில்லை! எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும் பல பொதுத்துறை வங்கிகளின் கட்டணப் பட்டியலில் '40 பதிவுகள் கொண்ட ஒரு பக்கத்துக்கு' என்று கூச்சமே இல்லாமல் போட்டிருந்தார்கள். இல்லாத நோட்டில் இல்லாத பக்கம்.

நிஜமான திருப்பம் 1999 செப்டம்பர் 7. அதுவரைக்கும் எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று இந்திய வங்கிகள் சங்கம் பொதுவாக ஓர் அளவுகோல் வகுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. கோயமுத்தூர் ஒப்பணக்காரத் தெருவில் இந்த பேங்கில் டிடி எடுத்தாலும் எதிர்த்த பேங்கில் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த முறையை நிறுத்திவிட்டு, கட்டணத்தை அந்தந்த வங்கியின் போர்டே முடிவு செய்துகொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி விட்டுவிட்டது. போட்டி வரும், கட்டணம் குறையும் என்பது கணக்கு. டிடி, செக் விஷயத்தில் பிற்பாடு குறையவும் செய்தது. அதையும் போட்டி தானாகச் செய்து முடிக்கவில்லை. வெளியூர் செக் வசூலுக்கு வங்கிகள் இஷ்டத்துக்குப் பிடித்ததைப் பார்த்து, 2008 அக்டோபரில் ரிசர்வ் வங்கியே உச்சவரம்பு போட வேண்டி வந்தது. மும்பை, கல்கத்தா செக்கை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்த ஈரோட்டு ஜவுளிக்காரர்களுக்கு அந்த உத்தரவு எவ்வளவு இனித்திருக்கும்!

அப்போதைய நிலவரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: 2001 ஜூலையில் வங்கிச் சேவைகள் சேவை வரிக்குள் வந்தன. அப்போது 5%. 2017 ஜூலையில் அது ஜிஎஸ்டி 18% ஆகிவிட்டது. ஆக 500 ரூபாய் அபராதம் என்றால் கையை விட்டுப் போவது 590. பெரிய கம்பெனி அந்த 90ஐ உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடைக்காரர் எடுக்க முடியாது. ஜிஎஸ்டி வரம்புக்கே வராத குட்டி வியாபாரியும் எடுக்க முடியாது. எவ்வளவு சின்ன ஆளோ அவ்வளவு முழுசாகக் கட்டுகிறார்.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன். 1999க்குப் பிறகு வங்கிக் கட்டணத்தை எதிர்த்துப் பலமுறை சத்தம் எழுந்திருக்கிறது. பல முறை நிவாரணமும் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கோடு எங்கே கிழித்தார்கள் என்று பாருங்கள்.

கட்டணங்கள் நியாயமா என்று பார்க்க 2006ல் ரிசர்வ் வங்கி ஒரு குழு போட்டது. 2007 பிப்ரவரியில் அதன்படி உத்தரவு வந்தது. அது தனிநபர்களின் அடிப்படை வங்கிச் சேவைகளுக்கு. 2014 நவம்பரில் இன்னொரு உத்தரவு: மினிமம் பேலன்ஸ் எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் அபராதம் போட வேண்டும், முன்கூட்டியே சொல்ல வேண்டும், அபராதத்தால் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. அருமையான விதி. சேமிப்புக் கணக்குக்கு மட்டும். 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டே மாதத்தில் ஸ்டேட் பேங்க் மினிமம் பேலன்ஸ் அபராதமாக 1,771 கோடி ரூபாய் வசூலித்தது என்று நிதி அமைச்சகக் கணக்கு வெளிவந்ததும் நாடே கொதித்தது. அந்த வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்த வங்கியின் காலாண்டு லாபமே 1,581 கோடிதான். 2018 ஏப்ரலில் அபராதத்தைக் குறைத்தார்கள், 2020 மார்ச்சில் மொத்தமாக எடுத்தார்கள். சேமிப்புக் கணக்குக்கு. 2020 ஜனவரி 1 முதல் ஆன்லைன் நெஃப்ட் இலவசம் என்றார்கள். அதுவும் சேமிப்புக் கணக்குக்கு. 2025 ஜூனில் கனரா வங்கியும், ஜூலையில் இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி எல்லாமும் மினிமம் பேலன்ஸ் அபராதத்தையே தூக்கின. எதற்கு என்று நான் மறுபடி சொல்ல வேண்டுமா?

'சாமானியன்' என்றால் சேமிப்புக் கணக்கு, 'வியாபாரி' என்றால் கரண்ட் கணக்கு என்று தில்லியிலும் மும்பையிலும் ஒரு படம் மனசில் பதிந்திருக்கிறது. வேறு ஊருக்கு அது பொருந்தலாம். கணபதியில், ஆவாரம்பாளையத்தில், சோமனூரில் பொருந்தாது. ரெண்டு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர், பாவு வாங்கி வந்து கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர், நாலு பவர் டேபிள் தையல் மெஷினோடு பனியன் தைத்துக் கொடுக்கிறவர்... இவர்களில் பல பேருக்கு மாசம் கையில் நிற்பது ஒரு கம்பெனி சம்பளக்காரர் வாங்குவதை விடக் கம்மி. ஆனால் கம்பெனிப் பெயரில் கணக்கு இருப்பதால் இவர் 'வியாபாரி', அவர் 'சாமானியன்'.

இதே கோடு ஒரு தடவை வரியாகவே வந்தது. 2005 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் வங்கி ரொக்கப் பரிவர்த்தனை வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக எடுத்தால் 0.1% வரி என்பது முதலில் சொன்னது. எதிர்ப்பு வந்ததும் சேமிப்புக் கணக்கை விட்டுவிட்டார்கள். மற்ற கணக்குகளில் தனிநபருக்கு 25,000, கம்பெனி போன்றவற்றுக்கு 1 லட்சம் என்று வரம்பை ஏற்றி, ஜூன் 1 முதல் அமல். திருப்பூருக்கு இதன் அர்த்தம் என்ன? அங்கே வாரச் சம்பளம், சனிக்கிழமை பட்டுவாடா. ஒரு யூனிட் சம்பளத்துக்காக வாரம் 3 லட்சம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் 300 ரூபாய் வரி, வருஷத்துக்கு 15,600. கறுப்புப் பணத்தின் தடத்தைப் பிடிக்கப் போட்ட வலை, சனிக்கிழமைச் சம்பளக் கவரில் மாட்டியது. 2009 ஏப்ரல் 1ல் அந்த வரி போய்ச் சேர்ந்தது.

(கரண்ட் கணக்குக்குச் சலுகை கிடைத்த ஒரே ஒரு சந்தர்ப்பம் ஞாபகம் வருகிறது. 2016 நவம்பர் நோட்டுத் தடை. சேமிப்புக் கணக்கில் வாரம் 24,000 எடுக்கலாம், கரண்ட் கணக்கில் 50,000. ஐம்பது பேர் வேலை செய்கிற யூனிட்டுக்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய். அடேங்கப்பா!)

சரி, மாதக் கட்டணம் எப்படி வேலை செய்கிறது? இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள், கணக்கு ரொம்பச் சுலபம். ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் இருக்கிற தொகையைக் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி இருப்பு. சில பேங்க் இதைக் காலாண்டுக்குப் பார்க்கும். பல பேங்க் மாசத்துக்குப் பார்க்கும். ஏதோ சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். இல்லை.

நம்ம லேத் பட்டறைக்காரரையே எடுத்துக்கொள்வோம். சராசரி 10,000 வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 500 அபராதம் என்று வையுங்கள் (கணக்குக்காக நான் வைத்த தொகை). அவர் வேலை முடித்துக் கொடுத்த பம்ப் கம்பெனி மூன்று மாசத்துக்கு ஒரு தடவைதான் பில் பாஸ் பண்ணுகிறது. மூன்றாவது மாசம் 1,20,000 வருகிறது, எட்டு நாள் கணக்கில் நிற்கிறது, பிறகு கூலி, வாடகை, இரும்பு, கரண்ட் பில் என்று கரைந்துவிடுகிறது. மற்ற 83 நாளும் இருப்பு 2,000. காலாண்டுக் கணக்கில் சராசரி 12,373. பாஸ்! மாசக் கணக்கில் முதல் ரெண்டு மாசமும் சராசரி 2,000. ஃபெயில், ஃபெயில். ஜிஎஸ்டியோடு 1,180 ரூபாய் காலி. அதே ஆள், அதே பணம், அதே பேங்க்.

அந்த ரெண்டு மாசமும் அவர் கணக்கு ஏன் காய்ந்து கிடந்தது? பம்ப் கம்பெனி பணம் கொடுக்கவில்லை. சிறுதொழில்காரருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006லேயே சட்டம் போட்டாயிற்று. தாமதம் செய்தவர் பெரிய ஆள், அபராதம் கட்டியவர் காத்திருந்தவர். எனக்கு இந்தக் கட்டணத்தின் மேலே இருக்கிற கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

பேங்க் பக்கமும் பேச வேண்டுமே. கவுண்ட்டர், ரொக்கம் எண்ணுகிற ஆள், செக் புக், எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டு எடுக்கிற வசதி என்று செலவு இருக்கிறது. 2,000 ரூபாய் இருப்பை வைத்துக்கொண்டு பேங்க், 7% என்றே வைத்தாலும், வருஷத்துக்கு 140 ரூபாய்தான் சம்பாதிக்கும். அதில் யாருக்குச் சம்பளம் கொடுப்பது? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு பெருக்கலும் போடுவோம். 10,000க்கு 8,000 குறைந்தது என்றால், ஒரு மாசத்தில் பேங்குக்கு நஷ்டமான வட்டி அதே 7% கணக்கில் சுமார் 47 ரூபாய். அபராதம் 500. சேமிப்புக் கணக்குக்கு 2014ல் கொண்டுவந்த விகிதாச்சார விதியை இங்கேயும் கொண்டுவந்திருந்தால் இந்தப் பெரிய இடைவெளி பற்றியாவது கேள்வி வந்திருக்கும்.

அதோடு கரண்ட் கணக்குக்கு வட்டியே கிடையாது, அது ரிசர்வ் வங்கி விதி. நன்றாக ஓடுகிற கடைக்காரர் சராசரி 2 லட்சம் வைத்திருந்தால் பேங்குக்கு அது சும்மா கிடைத்த பணம். இந்த விதியில் ஒரு விதிவிலக்கு உண்டு, படித்தபோது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தனி ஆளாகக் கம்பெனி நடத்தியவர் இறந்துவிட்டால், இறந்த தேதியிலிருந்து வாரிசுக்குப் பணத்தைக் கொடுக்கும் நாள் வரை சேமிப்புக் கணக்கு வட்டி தர வேண்டுமாம். உயிரோடு இருக்கிறவரைக்கும் அபராதம், செத்தால் வட்டி.

'பிடிக்கலைன்னா கணக்கை மூடிட்டுப் போ' என்பது சுலபமான பதில். ஜிஎஸ்டி எண் வாங்கினால் வங்கிக் கணக்கு விவரம் கொடுக்க வேண்டும். கம்பெனிப் பெயரில் பில் போட்டால் பணம் கம்பெனிப் பெயரில் இருக்கிற கணக்குக்குத்தான் வரும், அந்தப் பெயருக்குச் சேமிப்புக் கணக்கு தர மாட்டார்கள். மூடினவர்களுக்கு அப்புறம் என்ன ஆகும்? ஸ்டேட்மெண்ட் இல்லாமல் பேங்கில் லோன் கேட்பது கஷ்டம். மெஷின் ரிப்பேர் ஆகி அவசரமாக ஐம்பதாயிரம் வேண்டும் என்றால் அடுத்த கதவு ஃபைனான்ஸ்காரர் கதவு. ஈரோடு, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்து ஆள்களுக்கு அந்தக் கதவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மாசம் 590ஐ மிச்சம் பிடித்தவர் அங்கே வாரத் தவணையில் அதைவிடப் பல மடங்கு கட்டுவார்.

இங்கிலாந்தில் இதே விஷயத்தை ஒரு தடவை நேருக்கு நேர் கையில் எடுத்தார்கள். அங்கேயும் வீட்டுக் கணக்கு இலவசம், கடைக் கணக்குக்குக் கட்டணம். 2002ல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் விசாரித்து, நான்கு பெரிய வங்கிகள் சிறுதொழில்களிடம் அதிகமாக வாங்குகின்றன என்று முடிவு சொன்னது. ஒன்று அவர்கள் கணக்கில் கிடக்கிற பணத்துக்கு வட்டி கொடு, இல்லாவிட்டால் வரவு செலவுக்குக் கட்டணம் வாங்காதே, ரெண்டில் ஒன்று செய் என்றது. சில வருஷத்தில் அதைத் தளர்த்திவிட்டார்கள் என்பது வேறு கதை. ஆனால் 'சிறுதொழில் கணக்கு' என்று தனியாக ஒரு பிரிவைப் பார்த்து, தனியாக ஒரு விசாரணை நடத்தினார்கள். நம்ம ஊரில் 1999க்குப் பிறகு வந்த நிவாரணம் பெரும்பாலும் தனிநபர், சேமிப்பு, ஜன்தன் என்ற வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறது.

2020 நவம்பரில் ஒரு சின்ன விதிவிலக்கு நடந்தது. பேங்க் ஆஃப் பரோடா மாசத்துக்கு இலவசமாக ரொக்கம் போட, எடுக்க இருந்த தடவைகளை 5லிருந்து 3 ஆகக் குறைத்தது, கரண்ட் கணக்கும் அதில் உண்டு. கொரோனா நேரத்தில் இதுவா என்று கூச்சல் கிளம்பி, மத்திய அரசே அறிக்கை விட்டு, வங்கி அதை வாபஸ் வாங்கியது. சேமிப்புக் கணக்குக்காரரும் சேர்ந்து கத்தினதால் கரண்ட்காரரும் தப்பினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது ராஜ வீதியில் எந்தக் கடைக்குப் போனாலும் கல்லா மேலே ஒரு குட்டி ஸ்பீக்கர் உட்கார்ந்துகொண்டு "ரூபாய் இருபது பெறப்பட்டது" என்று கத்துகிறது. யுபிஐயில் பணம் வாங்க வியாபாரியிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் சட்டமே வந்தாயிற்று. அதனால் பல கம்பெனிகள் அந்த ஸ்பீக்கருக்கு மாச வாடகை வாங்குகின்றன, நூறு ரூபாய் சுமாருக்கு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ கடை வைத்திருப்பவர் இருந்தால் ஸ்டேட்மெண்ட்டை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். ஸ்பீக்கர் வாடகைக்குப் பக்கத்தில் இன்னும் எத்தனை வரி இருக்கிறது, அதில் 'ஃபோலியோ' என்று ஒன்று இருக்கிறதா என்று எனக்கும் சொல்லுங்கள்.